சாமி காரியத்துக்குக் காசு

அக். 3, வெள்ளி

காலையில் தூறல். மலை உச்சியே தெரியவில்லை. ஸ்கூட்டி கிளம்ப அடம். ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை இன்னும் ஹேண்டில்பாரில், வாடி நாறுகிறது. பி.பி. மெஷினில் வைத்த சந்தனப் பொட்டு துடைத்தும் போகவில்லை. எங்கள் ஹோம் நர்சிங் ஆபீஸில் பூஜை போட்டால் முதலாளி நிர்மலா அக்கா ஒன்றையும் விடமாட்டார். போன வருடம் தெர்மாமீட்டருக்கும் பொட்டு. அதைக் கக்கத்தில் வைத்த பெரியவர் சட்டையெல்லாம் குங்குமம்.

இன்றைக்கு ஆறு வீடு.
– வேங்கிக்கால் தாத்தா, சர்க்கரை ஊசி. ஊசியை விட என் ஜாதகம் கேட்பதில்தான் அவருக்கு ஆர்வம்.
– கலெக்டர் ஆபீஸ் பின்னால் டீச்சரம்மா, யூரின் பை மாற்றல்.
– அவலூர்பேட்டை ரோடு, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி.
– மற்ற மூன்றும் எழுதவே அலுப்பு.

போன வருடம் நான்கு வீடு. இப்போது ஆறு. சம்பளம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, பெட்ரோல் என் தலையில்.

மத்தியானம் ஆபீஸ் குரூப்பில் அக்காவின் செய்தி: திங்கள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் நம் இலவச மருத்துவ முகாம். மூன்று மணிக்கு எல்லாரும் வந்துவிடவும். சேவை செய்யக் கிடைப்பதே புண்ணியம். கூடவே கும்பிடும் கை.

எல்லாரும் கும்பிடும் கை போட்டோம். நானும் போட்டேன். போட்டுவிட்டு, அக்கா இல்லாத எங்கள் குரூப்பில் (பெயர் 'டீக்கடை') ஒப்பாரி. "கால் என்னுது இல்லப்பா இனிமே." "புண்ணியம் ஜாஸ்தி, தூக்கம் கம்மி." பகல் முழுக்க வீடு வீடாக ஓடிவிட்டு, மூன்று மணியிலிருந்து கூட்டம் குறையும் வரை, நடந்து வருகிறவர்கள் காலுக்கு மருந்து, கொப்புளத்துக்குப் பஞ்சு, உப்பு சர்க்கரைத் தண்ணீர். சம்பளம் கிடையாது. மறுநாள் லீவும் கிடையாது.

பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ வாங்க வேண்டும். மறக்காதே.

அக். 4, சனி

வெயில். வேர்வை.

டீச்சரம்மா வீட்டில் இருந்து இறங்கும்போது பத்மா எதிரே. தெருமுனைக் கடையில் டீ. எங்கள் கம்பெனியில் சத்தமே போடாத ஒரே ஆள் இவள்தான். போளூர் பக்கம் சமணக் குடும்பம். நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். அதற்காகவே டப்பா கட்டி எடுத்து வந்து, அஞ்சரைக்கெல்லாம் எங்காவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முடித்துவிடுவாள்.

முகாமில் சாப்பாட்டுப் பொட்டலம் வருவது இருட்டின பிறகு. மூன்று வருடமாக அவள் பங்குப் பொட்டலத்தைக் கூச்சமில்லாமல் நான் தின்கிறேன்.

"பத்மா, உன்னால முடியலன்னா அக்காகிட்ட சொல்லலாம்ல. அஞ்சு மணிக்கு மேல விட்டுடச் சொல்லி?"

"எதுக்குக்கா. எல்லாரும் நிக்கிறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கும் ஆறு வீடு. செங்கம் ரோட்டுப் படுக்கைப்புண் அம்மா அவளுடையது. அந்த ஒரு வீட்டுக்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும். அக்கா போட்டிருப்பது முக்கால் மணி.

வீட்டில் இவரிடம் சொன்னேன், இந்த ஆறு வீட்டைப் பற்றி ஒருநாள் அக்காவிடம் கேட்டுவிடப் போகிறேன் என்று. ஸ்கூல் வேன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "பாப்பா பொறந்து ஆஸ்பத்திரிக்காரன் உன்ன வெளிய அனுப்பினப்ப, கூப்ட்டு வேலை குடுத்தது யாரு?" என்றார். அக்காதான். அப்போது கம்பெனி என்றால் அக்கா, நான், ஒரு ஸ்கூட்டி. 

அக். 7, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. கை ஓடவில்லை. இன்றைக்கும் சரியாக ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

நேற்று பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே கூட்டம். வண்டியெல்லாம் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு நடை. நான் போய்ச் சேரும்போது பேனர் கட்டியாகிவிட்டது, அக்கா படம் எங்கள் எல்லாரையும் விடப் பெரிதாக. அக்கா வெறுங்காலோடு நின்று எல்லாருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். அதையும் சொல்ல வேண்டும், அவரும் நிற்கிறார்.

பத்மா கடைசியாக வந்தாள். படுக்கைப்புண் அம்மாவுக்குப் புண் ஆழமாகிவிட்டதாம், நேரமாகிவிட்டதாம். மத்தியானச் சாப்பாடும் இல்லை. டப்பா வண்டியிலேயே, வண்டி தடுப்புக்கு அந்தப் பக்கம். அஞ்சு மணி இருக்கும், ஒருங்கிணைப்பாளர் தினேஷிடம் போய்க் கேட்டாள்.

"தம்பி, ஒரு கால் மணி நேரம் விடுங்க, வண்டிகிட்ட போயிட்டு வந்துடுறேன்."

"லைனப் பாருங்க சிஸ்டர். இது முடியட்டும், போலாம்."

லைன் எங்கே முடிகிறது? பௌர்ணமி அன்றைக்கு லைன் முடிந்ததாக யாராவது பார்த்திருக்கிறார்களா? ஆந்திராவிலிருந்து ஒரு பஸ் கூட்டம், எல்லாருக்கும் பாதத்தில் கொப்புளம். குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். பத்மா வானத்தைப் பார்த்தாள். அடுத்த காலை இழுத்து மடியில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் ஏதோ சாய்கிற சத்தம். பஞ்சு டப்பா உருண்டு வந்தது. திரும்பினால் பத்மா தரையில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.  வரிசையில் ஒரு அம்மா, "ஐயோ நர்சுக்கே மயக்கமா" என்றாள். கால் பக்கம் தூக்கிப் பிடித்தோம். பி.பி. ரொம்ப இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்ததும் உப்பு சர்க்கரைத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன். பல்லை இறுக்கிக்கொண்டாள்.

"குடி பத்மா. தண்ணிதான்."

"சக்கரை போட்டிருக்கேக்கா. அது தண்ணி இல்ல."

அந்த நிலையிலும்! எனக்குக் கோபம், அழுகை, சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்தது. பக்கத்தில் நின்ற 108 வண்டிக்காரர்கள் வந்து கையில் டிரிப் போட்டார்கள். நரம்பு வழியாக ஏறுவதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒரு அம்மா. பெங்களூர்க்காரர், பட்டுப்புடவை, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்குகிறவர். முகாமுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது அவர்தான் என்று தெரியும். பத்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ஏம்மா, சாப்பிடாம வந்து நிப்பாங்களா? உங்க ஒவ்வொருத்தருக்கும் ஆயிரம் ரூபாய்னு தனியா குடுக்கிறேனே. பத்தலன்னா சொல்லுங்க, ஏத்திக் குடுக்கிறேன். இப்படி விழக்கூடாது."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரமா? எங்களுக்கா? ஒவ்வொரு பௌர்ணமிக்குமா?

"குடுக்கிறீங்களாம்மா?"

"மூணு வருஷமா குடுக்கிறேன்ல."

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது. பத்து அடி தள்ளி நிர்மலா அக்கா யாருக்கோ திருநீறு பூசிக்கொண்டிருந்தார்.

அக். 8, புதன்

மேகம். மழை இல்லை. தலைவலி.

பத்மாவுக்கு நேற்றும் இன்றும் லீவு. சம்பளப் பிடித்தம் உண்டாம். தினேஷ் சாதாரணமாகச் சொல்கிறான், பால் வரவில்லை என்பது போல. டூட்டியில் விழுந்தவளுக்குப் பிடித்தமா என்று கேட்டேன். "முகாம் டூட்டில வராது சிஸ்டர், அது சேவை" என்றான்.  

'டீக்கடை'யில் ஆயிரம் ரூபாய் விஷயத்தைப் போட்டேன்.  பதில்கள் மழை மாதிரி.
"பொய்யா இருக்கும்."
"அந்தம்மா ஏன் பொய் சொல்லணும்?"
"அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல."
"எல்லாரும் ஒண்ணா கேப்போம். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல."
"கலாக்கா நீங்க ஆரம்பிங்க. நாங்க இருக்கோம்."

கலாக்கா, அதாவது நான், ஆரம்பிக்கணும். எப்பவும் கலாக்காதான்.

சாயங்காலம் தாத்தா வீட்டில் ஊசி கை நழுவி விழுந்தது. "சனி பார்வை" என்றார். இருக்கும்.

அக். 9, வியாழன்

நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அக்கா திருடுவாரா? பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே இருந்த கை அது. அந்த அம்மாதான் வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு மாற்றிச் சொல்கிறாரோ? தினேஷ் எடுத்துக்கொள்கிறானோ? ஆமாம், தினேஷாகத்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும் சாமி.

ஷூ வாங்கினேன். ஒரு நம்பர் பெரிது.

அக். 10, வெள்ளி

மீட்டிங். வேங்கிக்கால் ஆபீஸ். நல்ல மழை, எல்லாரும் நனைந்து வந்தோம். பத்மாவும் வந்திருந்தாள், முகம் இன்னும் வெளுப்பு. கடைசி நாற்காலி.

"எல்லாரும் வந்தாச்சா? பிஸ்கட் எடுத்துக்கோங்க. பத்மா, எப்டி இருக்க?" அக்கா எப்போதும் போல.

தினேஷ் வெளியே போகும்வரை காத்திருந்து எழுந்தேன். 

முதலில் வேலைச் சுமையைச் சொன்னேன். ஆறு வீடு முடியவில்லை, புண் கட்டுகிற வீட்டுக்கு முக்கால் மணி பத்தாது, பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. அக்கா குறித்துக்கொண்டார். அப்புறம் கேட்டேவிட்டேன்.

"அக்கா, பௌர்ணமி முகாமுக்கு அந்த பெங்களூர் அம்மா நர்சுங்களுக்குன்னு தனியா காசு குடுக்குறாங்களாமே."

"ஆமா கலா. குடுக்குறாங்க."

இல்லை என்பார், தினேஷைக் கூப்பிடுவார், கோபப்படுவார், இதற்கெல்லாம் தயாராகப் போயிருந்தேன். ஆமா என்பார் என்று நினைக்கவே இல்லை. 

"எங்ககிட்ட வரலியேக்கா."

"வந்துச்சே. மொத பௌர்ணமிக்கு ஆளுக்கொரு கவர் குடுத்தேன். என்ன சொன்னீங்க? சாமி காரியத்துக்குக் காசு வாங்கினா பாவம்னு எல்லாரும் திருப்பிக் குடுத்தீங்களா இல்லையா?"

கொடுத்தோம். நினைவு வந்துவிட்டது. நாங்கள் எல்லாரும்தான். கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே கையால் அக்கா மேஜையில் திரும்ப வைத்தோம். ரொம்பப் பெருமையாக.

"அது உங்க சொந்தக் காசுன்னு நெனச்சோம்க்கா."

"யார் காசா இருந்தா என்ன? வேணாம்னுட்டீங்க. தூக்கியா போட முடியும்? ஆபீஸ் வாடகைக்குப் போச்சு. பாதி வீட்ல நமக்கு மூணு மாசம் பணம் பாக்கி, தெரியுமா உங்களுக்கு? தீபாவளிக்கு போனஸும் புடவையும் குடுக்குறேனே, அது எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க?"

அங்கேதான் எனக்கு உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. போன தீபாவளிக்கு வரிசையில் நின்று, அக்கா காலில் விழுந்து, "உங்க புண்ணியத்துல" என்று சொல்லி வாங்கினோமே. எங்கள் காசையா விழுந்து வாங்கினோம்? அக்காவும் குனிந்து தூக்கிவிட்டாரே.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"சரி. நான் ஒண்ணும் மறைக்கல. இனிமே அண்ணாமலையார் காரியத்துக்குக் காசு வேணும்றவங்க கை தூக்குங்க. குடுத்துடுறேன்."

அவர் தலைக்கு மேல் அண்ணாமலையார், உண்ணாமுலை அம்மன் படம். புது மல்லிகை. யாரும் அசையவில்லை. 'நாங்க இருக்கோம்' என்று எழுதினவர்கள் எல்லாம் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏன் சொல்ல. என் கையும் மடியில்தான் இருந்தது. பெரிதாகப் பேச ஆரம்பித்தவள் நான். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குக் காசு வேண்டும் என்று கை தூக்க வரவில்லை. எவ்வளவு கெட்டிக்காரர் அக்கா!

"அப்ப முடிஞ்சுது," என்றார்.

"எனக்கு வேணும்க்கா."

கடைசி நாற்காலி. பத்மா. கை தூக்கவில்லை, எழுந்தே நின்றுவிட்டாள்.

"என்ன பத்மா?"

"நான் நயினார் வீட்டுப் பொண்ணுக்கா. எனக்கு இது சாமி காரியம் இல்ல. உங்க சாமி மேல மரியாதை இருக்கு. நடந்து வர்றவங்க கால்ல மருந்து போடுறதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா புண்ணியம்னு நான் வரல. டூட்டி போட்டீங்க, வந்தேன். கவர் குடுத்த அன்னைக்கு எல்லாரும் திருப்பித் தந்தாங்க, நான் மட்டும் வெச்சிக்கிட்டா தப்பா நெனைப்பீங்கன்னு குடுத்துட்டேன்."

மூன்று வருடம். பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவள் பொட்டலத்தைத் தின்றிருக்கிறேன். இது அவளுடைய சாமி இல்லை என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டுமா, அந்த அறையில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எல்லார் முகமும் பேயறைந்த மாதிரி. அக்கா முகமும்.

"சரி, பாக்கலாம்," என்று அக்கா உள்ளே போய்விட்டார். பிஸ்கட் அப்படியே.

அக். 11, சனி

அடுத்த வார டூட்டி பட்டியல் குரூப்பில் வந்தது. பத்மா பெயருக்கு நேரே: ஓய்வில்.

போன் செய்தேன். "ஓய்வு நான் கேக்கவே இல்லக்கா. நல்லாதான் இருக்கேன்," என்றாள். எப்போது வரை என்று தினேஷிடம் கேட்டாளாம். தீபாவளி முடியட்டும் என்றானாம். அதாவது சம்பளமும் கிடையாது, போனஸும் கிடையாது. இதற்குப் பெயர் ஓய்வாம்!

அவள் வீடுகளை எல்லாருக்கும் பங்கு போட்டிருக்கிறார்கள். படுக்கைப்புண் அம்மா எனக்கு. ஏழாவது வீடு. வேலைச் சுமை பற்றிப் பேசினதற்குப் பரிசு.

'டீக்கடை'யில் ஒருத்தியும் பத்மா பெயரை எடுக்கவில்லை.

இவரிடம் பட்டியலைக் காட்டினேன். படித்துவிட்டு, "அவங்க செஞ்சது தப்புதான்," என்றார். இவர் வாயிலிருந்து! அதுவும் அக்காவை!

போகமாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் புண்? அது யாருக்காகவும் காத்திருக்காதே. நான் போகாவிட்டால் அழுகப் போவது அக்கா இல்லை, அந்த அம்மா முதுகு. இதுதான் எங்கள் பிழைப்பில் இருக்கிற பெரிய தூண்டில். 

அக். 13, திங்கள்

பளிச்சென்று வெயில். மலை பக்கத்தில் வந்து நிற்கிறது.

இரண்டு வீட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு முதலில் செங்கம் ரோடு. அக்காவிடம் சண்டைக்கு என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை. கேட்டைத் திறந்தால் வாசலில் பத்மாவின் வண்டி.

உள்ளே அவள். கையுறை, பஞ்சு, அந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து வேலை பாதி முடிந்திருந்தது.  அந்த அம்மாவின் வீட்டுக்காரர், "இன்னைக்கு ரெண்டு நர்சா? ஜாஸ்தி காசு ஆகுமா?" என்று பயந்துபோனார்.

"இங்க என்ன பண்ற? உனக்குத்தான் டூட்டி இல்லயே!"

"சனி ஞாயிறு ரெண்டு நாள் யாரும் வரலியாம்க்கா. பெரியவரு போன் பண்ணாரு." தலை நிமிராமல் சொன்னாள். "நாத்தம் எடுத்துடுச்சு, பாருங்க."

பார்த்தேன். சனி ஞாயிறுக்கு யார் என்று பட்டியலிலேயே இல்லை. பங்கு போட்டபோது எல்லாரும் திங்களிலிருந்துதான் எண்ணியிருக்கிறோம். நானும்.

வேலை முடிந்தால் போனில் வருகை போட வேண்டும். யார் பெயரில் போடுகிறோமோ அவர்கள்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகச் சம்பளக் கணக்கில் ஏறும். பத்மா, "உங்க பேர்ல போட்டுக்கோங்கக்கா," என்றாள், ஏதோ கடையில் மீதிச் சில்லறையை விட்டுவிடுகிற மாதிரி.

அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அக்கா, செங்கம் ரோட்டு வீட்ல பத்மா புண்ணு கட்டிட்டு இருக்கா. யார் பேர்ல வருகை போடணும்?"

"அவள யாரு வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ரெண்டு நாளா இங்க நம்ம ஆள் ஒருத்தரும் வரல. நாத்தம் எடுத்திருக்கு."

அக்காவும் நர்ஸ்தான். அது அவருக்குப் புரிந்தது. 

"அவ பேர்லயே போடு." கொஞ்சம் கழித்து, "நாளையிலருந்து வரச் சொல்லு. முகாம் காசும் அவளுக்குக் குடுத்துடுறேன். காசு கேட்டவ அவ ஒருத்திதான. நீங்கல்லாம் எப்பவும் போல செய்யுங்க."

பத்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவளுக்கு மட்டும் என்றால் நாளைக்கே இவளைச் சாமி இல்லாதவள் என்பார்கள். நாங்கள் மறுபடி பெருமையாக நிற்போம்.

"ஒருத்தி இல்லக்கா. என் பேரையும் போடுங்க."

"கலா? நீயா? கார்த்திகை தீபத்துக்கு விரதம் இருக்கிறவளாச்சே நீ!"

 வெளியே மலை.

"இருப்பேன்க்கா. அது எனக்கும் அண்ணாமலையாருக்கும். இது எனக்கும் உங்களுக்கும்."

 அக்கா லைனில் இருக்கும்போதே, வருகையைப் பத்மா பெயரில் போட்டேன்.